ஏட்டில் 20, சாலையில் 14: காரின் எண்ணெய்க் கணக்கு

வாகனச் செலவு பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையும் அதைத் தொடர்ந்த கேள்வி பதில்களும் இங்கே எழுத்து வடிவில்.



என் தம்பி மகன் கிள்ளானில் இருக்கிறான். இ-ஹெய்லிங் கார் ஓட்டுவது அவனுக்கு முழுநேர வேலை. பழைய காரை விற்றுவிட்டு ஒன்பது ஆண்டு கடனில் புதிய சிறிய கார் ஒன்றை வாங்கினான். வாங்குவதற்கு முன் நோட்டுப் புத்தகத்தில் கணக்குப் போட்டான். மாதம் 5,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். விளம்பரத் தாளில் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. அப்படியானால் மாதம் 250 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 2 வெள்ளி என்றால் 500 வெள்ளி. கடன் தவணை, காப்புறுதி, வீட்டுச் செலவு எல்லாம் போக கையில் எவ்வளவு மிஞ்சும் என்று அந்த 500 வெள்ளியை வைத்தே முடிவு செய்தான்.

மூன்று மாதம் கழித்து என் வீட்டுக்கு வந்தான். முகம் சரியில்லை. "பெரியப்பா, இருபதுன்னு போட்டிருந்தாங்க. எனக்குப் பதினாலுதான் கிடைக்குது. ஏமாத்திட்டாங்களா?" என்று கேட்டான்.

லிட்டருக்கு 14 கிலோமீட்டர் என்றால் 5,000 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 357 லிட்டர் வேண்டும். அவன் நினைத்ததைவிட 107 லிட்டர் அதிகம். மாதம் 214 வெள்ளி. ஆண்டுக்கு 2,500 வெள்ளிக்கும் மேல். கூலிக்கு உழைக்கும் குடும்பத்துக்கு இது சிறிய தொகை அல்ல.

நான் அவனிடம் சொன்னேன்: "அவங்க சொன்னது பொய் இல்லடா. ஆனா அது உன் சாலைக்குச் சொன்ன கணக்கும் இல்ல." அன்று அவனுக்குச் சொன்ன விளக்கத்தையே இன்று உங்களுக்கும் சொல்ல வந்திருக்கிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உதவாது என்று தூக்கி எறியவும் வேண்டாம். அந்த ஏட்டை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொண்டால் போதும்.

அந்த எண் எங்கே பிறக்கிறது?

விளம்பரத் தாளில் வரும் எண்ணைச் சாலையில் ஓட்டிக் கண்டுபிடிப்பதில்லை. காரை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுபோய், அதன் சக்கரங்களைச் சுழலும் உருளைகள் மீது நிறுத்துகிறார்கள். சக்கரம் சுற்றும், கார் நகராது. ஓட்டுநர் முன்னால் ஒரு திரை இருக்கும். எந்த வினாடியில் எந்த வேகம் என்று அதில் கோடு ஓடும். அந்தக் கோட்டை விட்டு விலகாமல் அவர் ஓட்ட வேண்டும். புகைக்குழாயில் வரும் புகையைச் சேகரித்து அதிலுள்ள கரியின் அளவைக் கணக்கிட்டால், எவ்வளவு பெட்ரோல் எரிந்தது என்று தெரிந்துவிடும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு வரும் என்பது அறிவியல் கணக்கு.

ஏன் சாலையில் சோதிப்பதில்லை என்று நீங்கள் கேட்கலாம். காரணம் நியாயமானதுதான். சாலையில் இன்று மழை, நாளை வெயில். இன்று நெரிசல், நாளை விடுமுறை. இரண்டு கார்களை ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டுக்கும் ஒரே தேர்வுத் தாள் வேண்டும் அல்லவா? அந்தத் தேர்வுத் தாளைத்தான் சோதனை முறை என்கிறோம். சிக்கல் எங்கே என்றால், உலகில் தேர்வுத் தாள் ஒன்றல்ல, பல.

பழைய ஐரோப்பியத் தேர்வு

நம் நாட்டு விளம்பரங்களில் நெடுங்காலமாக நாம் பார்த்து வருவது என்.இ.டி.சி. என்ற ஐரோப்பிய முறை. அதன் நகர்ப்புறப் பகுதி 1970இல் வந்தது. நெடுஞ்சாலைப் பகுதி 1990இல் சேர்க்கப்பட்டது. மொத்தச் சோதனையும் 1,180 வினாடி, அதாவது 20 நிமிடத்துக்கும் குறைவு. தூரம் 11 கிலோமீட்டர். சராசரி வேகம் மணிக்கு ஏறக்குறைய 34 கிலோமீட்டர். உச்ச வேகமான 120 கிலோமீட்டரில் ஓடுவது வெறும் 10 வினாடி.

இதில் கார் நின்ற இடத்திலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 26 வினாடி எடுத்துக்கொள்கிறது. கூட்டரசு நெடுஞ்சாலைக்குள் நுழையும்போது 26 வினாடி எடுத்துப் பாருங்கள். பின்னால் வருகிறவர் ஹாரனை விட்டுக் கையை எடுக்கமாட்டார்!

இன்னும் உண்டு. ஆய்வுக்கூடத்தின் வெப்பநிலை 20 முதல் 30 டிகிரிக்குள். குளிர்சாதனம் அணைக்கப்பட்டிருக்கும். காரில் ஏறக்குறைய ஓட்டுநர் ஒருவரும் ஒரு பையும் இருக்கும் எடைதான் கணக்கு. மேடு இல்லை, பள்ளம் இல்லை, எதிர்க்காற்று இல்லை. நேரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கார் சும்மா நிற்கும். அதனால் சிவப்பு விளக்கில் இயந்திரத்தைத் தானாக அணைக்கும் வசதி உள்ள கார் இந்தத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். நம் ஊர் வெயிலில் என்ன நடக்கிறது? உள்ளே குளிர் குறையத் தொடங்கினால் பல கார்களில் இயந்திரம் மீண்டும் ஓடத் தொடங்கிவிடுகிறது. தேர்வில் வந்த மதிப்பெண் வீட்டுக்கு வருவதில்லை.

இடைவெளி வளர்ந்த கதை

ஏட்டுக் கணக்குக்கும் சாலைக் கணக்குக்கும் எப்போதும் சிறிது வித்தியாசம் இருந்தது. கவலைக்குரியது என்னவென்றால் அது ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்ததுதான். தூய்மையான போக்குவரத்துக்கான அனைத்துலக மன்றம் ஐரோப்பாவில் லட்சக்கணக்கான கார்களின் உண்மைச் செலவைத் திரட்டிப் பார்த்தது. 2001இல் வித்தியாசம் 9 விழுக்காடு அளவில் இருந்தது. 2016இல் அது 42 விழுக்காட்டைத் தொட்டது.

42 விழுக்காடு என்றால் என்ன? 20 கிலோமீட்டர் என்று ஏட்டில் உள்ள கார் சாலையில் 14 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று பொருள். என் தம்பி மகன் சொன்ன அதே கணக்கு! அவன் காருக்கு மட்டும் நேர்ந்த கோளாறு அல்ல இது.

கார்கள் திடீரென்று கெட்டுப் போய்விடவில்லை. அந்த ஆண்டுகளில் ஐரோப்பாவில் புகைக்கு ஏற்ப வரியும் வரம்பும் வந்தன. ஏட்டு எண் குறைந்தால் நிறுவனத்துக்கும் வாங்குபவருக்கும் லாபம். எனவே தேர்வுக்கு மட்டும் தயாராகும் மாணவனைப் போல நிறுவனங்கள் நடந்துகொண்டன. விதிகளில் இடம் இருந்தது. சக்கரத்தில் காற்றைக் கூடுதலாக அடைத்தார்கள். மின்கலத்தை முழுக்க நிரப்பிவிட்டுச் சோதனையைத் தொடங்கினார்கள். சோதனையில் வந்த அளவைவிட 4 விழுக்காடு வரை குறைத்து அறிவிக்கவும் அனுமதி இருந்தது. இவற்றில் எதுவும் சட்ட விரோதம் அல்ல. ஆனால் எல்லாம் சேர்ந்தபோது வாடிக்கையாளர் கையில் கிடைத்த தாள் உண்மையிலிருந்து வெகுதூரம் விலகிப் போயிற்று.

சட்டத்தை மீறியவர்களும் உண்டு. 2012இல் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் அமெரிக்காவில் ஏறக்குறைய 9 லட்சம் கார்களின் எண்ணெய்ச் சிக்கன எண்ணைக் குறைத்துத் திருத்த வேண்டியதாயிற்று. கூடுதல் பெட்ரோல் செலவை உரிமையாளர்களுக்கு ஈடு செய்தன. 2014இல் 10 கோடி டாலர் அபராதத்துக்கும் ஒப்புக்கொண்டன. 2016 ஏப்ரலில் ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் 6 லட்சத்து 25 ஆயிரம் சிறிய கார்களின் சோதனைக் கணக்கில் முறைகேடு செய்ததை ஒப்புக்கொண்டது. கார் உருளும்போது சாலையும் காற்றும் அதை எவ்வளவு இழுக்கின்றன என்ற அளவைத்தான் அவர்கள் குறைத்துக் காட்டினார்கள். உருளைகளின் இறுக்கத்தை அந்த அளவை வைத்தே அமைக்கிறார்கள். அங்கே கொஞ்சம் குறைத்தால் முடிவு தானாக அழகாகிவிடும். 1991 முதலே விதிக்கு மாறான சோதனை முறைகள் அங்கே புழங்கியதும் பிறகு தெரியவந்தது.

புதிய தேர்வு, புதிய எண்

ஐரோப்பா விழித்துக்கொண்டது. 2017 செப்டம்பரில் புதிதாக அறிமுகமாகும் கார் வகைகளுக்கும், 2018 செப்டம்பரில் எல்லாப் புதிய கார்களுக்கும் டபிள்யூ.எல்.டி.பி. என்ற முறை வந்தது. இதில் 30 நிமிடம் ஓட வேண்டும். தூரம் 23 கிலோமீட்டருக்கு மேல். உச்ச வேகம் 131 கிலோமீட்டர். காருக்குள் சேர்க்கப்படும் கூடுதல் வசதிகளின் எடையும் கணக்கில் வரும். ஆனாலும் குளிர்சாதனம் இதிலும் அணைக்கப்பட்டே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

இந்த முறை நெருங்கி வந்தது, ஆனால் முழுக்க வந்து சேரவில்லை. இப்போது ஐரோப்பாவில் விற்கும் புதிய கார்களில் உண்மையான எண்ணெய்ச் செலவைப் பதிவு செய்யும் கருவி உள்ளேயே இருக்கிறது. 2021இல் பதிவான கார்களின் பதிவுகளை ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்டது. பெட்ரோல் கார்கள் ஏட்டுக் கணக்கைவிட 23.7 விழுக்காடும், டீசல் கார்கள் 18.1 விழுக்காடும் அதிகமாகக் குடித்திருந்தன.

அமெரிக்கர்களின் வழி வேறு. அங்கேயும் தொடக்கத்தில் ஆய்வுக்கூட எண்ணை அப்படியே ஒட்டினார்கள். மக்கள் முறையிட்டார்கள். 1985ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து நகர எண்ணில் 10 விழுக்காடும் நெடுஞ்சாலை எண்ணில் 22 விழுக்காடும் கழித்தே அறிவித்தார்கள். 2008 மாடல்களிலிருந்து ஐந்து சோதனைகள். அதிவேகம் ஒன்று, உறைய வைக்கும் குளிர் ஒன்று, 35 டிகிரி வெப்பத்தில் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு ஓடுவது ஒன்று. நம் தட்பவெப்பத்துக்கு இந்தக் கடைசிச் சோதனைதான் பொருந்துகிறது. நீங்கள் வாங்க நினைக்கும் கார் அமெரிக்காவிலும் விற்கிறது என்றால், அந்த நாட்டு எண்ணையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் அது உங்கள் அனுபவத்துக்கு அருகில் இருக்கும்.

ஒரே கார், இரண்டு எண்

நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு. 2022 ஜூலையில் புதிய பெரோடுவா அல்ஸா வந்தபோது நிறுவனமே இரண்டு எண்களை வெளிப்படையாகச் சொன்னது. மலேசிய ஓட்டுமுறைப்படி லிட்டருக்கு 22 கிலோமீட்டர். என்.இ.டி.சி. முறைப்படி 18.9 கிலோமீட்டர். ஒரே கார், ஒரே இயந்திரம். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு முதல் எண்ணின்படி 68 லிட்டர், இரண்டாவதின்படி 79 லிட்டர். தேர்வுத் தாளை மாற்றினால் 11 லிட்டர் மாறிவிடுகிறது.

அடுத்த கடைக்குப் போய் இன்னொரு காரைப் பார்க்கும்போது, அவர் சொல்லும் எண் எந்த முறையில் எடுத்தது என்று கேட்காமல் ஒப்பிட்டால் என்ன ஆகும்? ஒரு பிள்ளை அரையாண்டுத் தேர்விலும் மற்றொரு பிள்ளை எஸ்.பி.எம். தேர்விலும் வாங்கிய மதிப்பெண்களை ஒப்பிடுவது போலத்தான்.

நம் சாலையில் எண்ணெய் எங்கே போகிறது?

முதலில் குளிர்சாதனம். கடும் வெப்பத்தில், குறிப்பாகக் குறுகிய பயணங்களில், அது காரின் எண்ணெய்ச் சிக்கனத்தை 25 விழுக்காட்டுக்கும் மேல் குறைக்கக்கூடும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. நம் நாட்டில் ஆண்டு முழுவதும் வெப்பம்தான்.

அடுத்தது வேகம். காற்று காரை எதிர்க்கும் விசை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 90இல் போகிறவர் 110க்கு ஏறினால் வேகம் கூடுவது 22 விழுக்காடு. காற்றின் எதிர்ப்போ ஏறக்குறைய 50 விழுக்காடு கூடுகிறது. ஈப்போவுக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர நாம் கொடுக்கும் விலை அது.

மூன்றாவது, ஓட்டும் விதம். சட்டென்று மிதிப்பதும் சட்டென்று பிரேக் அடிப்பதும் நெரிசலில் 10 முதல் 40 விழுக்காடு வரை எண்ணெய்ச் சிக்கனத்தைக் கெடுக்கும் என்று அதே துறை சொல்கிறது. நான்காவது, நின்ற இடத்தில் இயந்திரத்தை ஓடவிடுவது. பள்ளி வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும்போது சிறிய கார்கூட மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கும். அந்த நேரத்தில் அது கொடுக்கும் மைலேஜ் பூஜ்யம்.

நீங்களே அளந்து பாருங்கள்

உங்கள் காருக்குச் சரியான எண்ணைச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான். அவர் நீங்களே. முறை மிகவும் எளிது. எண்ணெய் நிலையத்தில் குழாய் தானாக முதல் முறை நிற்கும்வரை தொட்டியை நிரப்புங்கள். அதற்கு மேல் அழுத்த வேண்டாம். தூரம் காட்டும் எண்ணைச் சுழியமாக்குங்கள். வழக்கம் போல ஓட்டுங்கள். அடுத்த முறையும் அதே நிலையத்தில், முடிந்தால் அதே குழாயில், அதே போல நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இப்போது போட்ட லிட்டரால் வகுத்தால் உங்கள் எண் கிடைத்துவிடும். ஒருமுறை போதாது. நான்கு முறையாவது செய்து சராசரி எடுங்கள். காரின் திரை காட்டும் எண் சில வேளைகளில் தாராளமாக இருக்கும், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

இன்னொன்று. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு சில சமயம் நம்மை மயக்கும். லிட்டருக்கு 10 கொடுக்கும் காரை விட்டு 12.5 கொடுக்கும் காருக்கு மாறினால் 1,000 கிலோமீட்டருக்கு 20 லிட்டர் மிச்சம். 20 கொடுக்கும் காரை விட்டு 25க்கு மாறினால் மிச்சம் 10 லிட்டர்தான். பார்வைக்கு 5 பெரியது, 2.5 சிறியது. பணப்பையில் நேர்மாறு. 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கணக்கிட்டால் இந்த மயக்கம் வராது.

2025 செப்டம்பர் இறுதியில் பூடி 95 திட்டம் தொடங்கியபோது, மலேசியக் குடிமக்களுக்கு ரோன் 95 பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 காசுக்கு மாதம் 300 லிட்டர் வரை என்று அளவு வகுத்தார்கள். இ-ஹெய்லிங் ஓட்டுநர்களுக்குக் கூடுதல் ஒதுக்கீட்டுக்கும் வழி செய்தார்கள். லிட்டருக்கு 20 கிடைத்தால் 300 லிட்டரில் 6,000 கிலோமீட்டர். 14 கிடைத்தால் 4,200 கிலோமீட்டர்தான். அளவு வந்துவிட்ட பிறகு, உங்கள் உண்மை எண் உங்களுக்குத் தெரிந்திருப்பது இன்னும் அவசியமாகிறது.

கேள்வி பதில்

கேள்வி: அப்படியானால் விளம்பரத் தாளில் உள்ள எண்ணைப் பார்க்கவே வேண்டாமா?

பதில்: கட்டாயம் பாருங்கள் அம்மா. ஒரே சோதனை முறையில் எடுத்த இரண்டு கார்களின் எண்களை ஒப்பிட அது நல்ல கருவி. அதில் முந்தும் கார் பெரும்பாலும் சாலையிலும் முந்தும். மாதச் செலவைக் கணக்கிட மட்டும் அதை அப்படியே எடுக்காதீர்கள். என்.இ.டி.சி. எண் என்றால் 30 விழுக்காடும், டபிள்யூ.எல்.டி.பி. எண் என்றால் 20 விழுக்காடும் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். பிறகு மிச்சமானால் மகிழ்ச்சி.

கேள்வி: மின்சாரக் காருக்கும் இந்தத் தொல்லை உண்டா?

பதில்: உண்டு ஐயா. 2022 டிசம்பரில் பி.ஒய்.டி. ஆட்டோ 3 இங்கு வந்தபோது, பெரிய மின்கலம் உள்ள வகைக்கு என்.இ.டி.சி. முறையில் 480 கிலோமீட்டர், டபிள்யூ.எல்.டி.பி. முறையில் 420 கிலோமீட்டர் என்று இரண்டு எண்கள் இருந்தன. பினாங்குக்குப் போகிறவர் சிறிய எண்ணை நம்பிப் புறப்படுவதுதான் நல்லது.

கேள்வி: மின்னேற்றமும் செய்யலாம், பெட்ரோலும் போடலாம் என்ற இரட்டைக் கார் எப்படி?

பதில்: அங்கேதான் இடைவெளி மிகப் பெரியது. நான் முன்பு சொன்ன ஐரோப்பிய ஆணையத்தின் பதிவுகளில், அத்தகைய கார்கள் வெளியிட்ட கரியமில வாயு ஏட்டுக் கணக்கைப் போல 3.5 மடங்கு இருந்தது. உரிமையாளர்கள் ஏட்டில் எதிர்பார்த்த அளவுக்கு மின்னேற்றம் செய்யாததும், மின்சாரத்தில் அதிகம் ஓட்டாததும் முக்கியக் காரணம். வீட்டில் மின்னேற்ற வசதி இல்லாதவர்கள் நன்றாக யோசிக்க வேண்டும்.

நிறைவாக ஒன்று. என் தம்பி மகன் நான் சொன்னபடி ஆறு முறை தொட்டியை நிரப்பி அளந்தான். சக்கரங்களில் காற்று குறைந்திருந்தது, சரி செய்தான். பயணிக்காகக் காத்திருக்கும்போது நிழல் பார்த்து நிறுத்தி இயந்திரத்தை அணைத்தான். நெடுஞ்சாலையில் 90ஐத் தாண்டுவதில்லை. இப்போது 15.5 கிடைக்கிறது. மாதம் 30 லிட்டருக்கு மேல் மிச்சம். 20 வரவில்லை, இனி வரப்போவதும் இல்லை. ஆனால் நோட்டுப் புத்தகத்தில் 20ஐ அடித்துவிட்டு 15.5 என்று எழுதி, அந்தக் கணக்கில் குடும்பத்தை நடத்துகிறான். மாதக் கடைசியில் இப்போது கையைப் பிசைவதில்லை.

கார் வாங்கப் போகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், கையொப்பம் இடுவதற்கு முன் அந்த எண்ணுக்குக் கீழே உள்ள பொடி எழுத்தையும் படிக்கச் சொல்லுங்கள்.